எக்ஸ்-மென்னின் முதல் ஐந்து பேர் மேல் ஏன் இத்தனை பாசம்?

நடுராத்திரி வாசகன்:

சினிமாவிலும் தொண்ணூறுகளில் வந்த கார்ட்டூனிலும் எக்ஸ்-மென்னைத் தெரிந்துகொண்ட ஆள் நான். என்னைப் பொறுத்தவரை அந்த டீம் என்றால் வுல்வரின், ஸ்டார்ம், நைட்கிராலர், ரோக், இவர்கள்தான். காமிக்ஸ் பக்கம் வந்த பிறகுதான் சைக்ளாப்ஸ் (ஸ்காட்), ஜீன் கிரே, பீஸ்ட் (ஹாங்க்), ஏஞ்சல் (வாரன்), ஐஸ்மேன் (பாபி) என்று முதல் ஐந்து பேரை ஒரு கூட்டமே தலையில் வைத்துக் கொண்டாடுகிறது என்று தெரிந்தது.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று 1963 முதல் இதழிலிருந்து ஆரம்பித்தேன். மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொஞ்சம் ஏமாற்றம்தான். எல்லோருக்கும் ஒரே சீருடை, திரும்பத் திரும்ப அந்தப் பயிற்சி அறை, நாலு இதழுக்கு ஒரு முறை வில்லன் மேக்னெட்டோ. இதே எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் அதே மாதங்களில் செய்துகொண்டிருந்த ஃபென்டாஸ்டிக் ஃபோரைப் பக்கத்தில் வைத்தால் இது மீதியிருந்த மையில் வரைந்தது மாதிரி இருக்கிறது. விற்பனையும் படுத்துப்போய் 1970ல் 66-ஆம் இதழோடு புதுக்கதை நின்றுவிட்டது, அப்புறம் 1975 வரை பழைய கதைகளையே மறுபதிப்பு போட்டு ஓட்டியிருக்கிறார்கள். புது டீம் வந்த பிறகுதானே எக்ஸ்-மென் என்ற பெயருக்கே மவுசு வந்தது?

அப்படியிருக்க இந்த ஐந்து பேர் மேல் இவ்வளவு பாசம் எங்கிருந்து வருகிறது? சண்டைக்கு இழுக்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறேன்.

பழுப்புத்தாள்:

நண்பரே, நீங்கள் அதைச் சூப்பர்ஹீரோ கதையாகப் படிக்கிறீர்கள். கொஞ்சம் பள்ளிக்கூடக் கதையாகப் படித்துப் பாருங்கள்.

அவெஞ்சர்ஸும் 1963 செப்டம்பர் தேதி போட்டுத்தான் வந்தது, அதே மாதம். அங்கே சேர்ந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே தனித்தனியாகப் பெயர் வாங்கியவர்கள், பிடிக்கவில்லையென்றால் எழுந்து போய்விடலாம். ஹல்க் இரண்டாவது இதழிலேயே போய்விட்டான். எக்ஸ்-மென் ஐவருக்குப் போக இடம் கிடையாது. எல்லாம் பதின்வயதுப் பிள்ளைகள், வெஸ்ட்செஸ்டரில் ஒரே ஒரு பெரிய வீடு, ஒரே ஒரு வாத்தியார் சேவியர், வகுப்பிலேயே ஐந்து பேர்தான். இந்த வீட்டுக்கு வெளியே தங்களைப் போல இன்னொருவர் இருந்தால் அது பெரும்பாலும் மேக்னெட்டோ கூட்டம். அதனால் அவர்களுக்குள் இருப்பது டீம் உறவு இல்லை, கூடப் பிறந்தவர்கள் உறவு.

முதல் இதழில் ஜீன் வந்து இறங்கும் இடத்தை இன்னொரு தடவை பாருங்கள். பையன்கள் முண்டியடித்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள், பாபி மட்டும் எனக்கென்ன வந்தது என்று நிற்கிறான், அவன்தான் கடைக்குட்டி. ஹாங்க் முத்தம் கொடுக்கக் கிட்டே போகிறான், ஜீன் இருந்த இடத்திலிருந்தே மனசாலேயே அவனைக் காற்றில் தூக்கிச் சுழற்றிவிடுகிறாள். ஸ்காட் ஒதுங்கி நிற்கிறான். ஒரே காட்சியில் ஐந்து பேர் குணமும் தெரிந்துவிடுகிறது, அதற்கப்புறம் ஐம்பது வருஷம் எழுதியவர்கள் எல்லோரும் அந்த ஒரு காட்சியை வைத்துத்தான் பிழைத்தார்கள் என்பேன்.

எட்டாவது இதழ் படித்துவிட்டீர்களா? தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி மாட்டிக்கொண்ட ஒரு சின்னப் பையனை ஹாங்க் ஏறிப்போய்க் காப்பாற்றிக் கீழே கொண்டுவருகிறான். கீழே நிற்கும் கூட்டம் இவன் மியூட்டன்ட், அதாவது பிறவியிலேயே சக்தியோடு வந்தவன், என்று தெரிந்ததும் நன்றி சொல்வதற்குப் பதில் அடிக்கப் பாய்கிறது. சட்டை கிழிந்து திரும்பி வந்தவன் ‘இவர்களுக்காகவா நான் உயிரைக் கொடுக்க வேண்டும்’ என்று வீட்டை விட்டே போய் மல்யுத்தம் செய்யக் கிளம்பிவிடுகிறான். 1964ல் வந்த கதை இது. பின்னால் எக்ஸ்-மென் என்றதும் எல்லோரும் பேசும் அந்த வெறுப்பு, ஒதுக்கல் எல்லாவற்றுக்கும் விதை இங்கேயே இருக்கிறது. அப்புறம் யூனஸ் என்ற வில்லனை ஹாங்க் மடக்கும் விதம் இருக்கிறதே, அவனை யாராலும் தொட முடியாது என்பதுதான் அவன் சக்தி, ஹாங்க் அந்தச் சக்தியைக் குறைக்காமல் கூட்டிவிடுகிறான், கடைசியில் சாப்பாட்டைக் கூட அவனால் தொட முடியாமல் போய் கெஞ்சுகிறான். அதுதான் பீஸ்ட். அடிக்கிற ஆள் மாதிரி இருப்பான், ஜெயிப்பது மூளையால்.

கறார்கண்ணன்:

பழுப்புத்தாள் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அவர் நல்ல பக்கங்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் தருகிறார், அதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது இதழில் சேவியர் தன் மாணவி ஜீனைத் தான் காதலிப்பதாக மனசுக்குள் நினைக்கிற அந்தக் கட்டத்தை மறந்துவிட்டீர்களா? நல்லவேளை, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஜீன் முதல் இதழில் ஹாங்க்கைச் சுழற்றிவிட்டாளே தவிர, அதற்கப்புறம் ரொம்ப நாள் அவளுக்கு எழுத்தாளர்கள் கொடுத்த வேலை ஸ்காட்டை நினைத்து உருகுவதும் களைத்து விழுவதும்தான். ஹாங்க் கூட முதல் இரண்டு இதழில் வெறும் முரட்டு ஆள், மூன்றாவதில் திடீரென்று அகராதி விழுங்கியவன் மாதிரி பேச ஆரம்பிக்கிறான். யோசித்து வைத்துச் செய்த பாத்திரங்கள் என்று சொல்ல முடியாது, போகிற போக்கில் அமைந்தது.

கிர்பியும் 11-ஆம் இதழோடு முழுசாக வரைவதை விட்டுவிட்டார், அப்புறம் சில இதழுக்குக் கட்டமைப்பு மட்டும் போட்டுக்கொடுத்தார். அதிலிருந்து ஓவியர் நீல் ஆடம்ஸ் 1969ல் வரும்வரை நடுவில் பெரிய வறட்சி. கேள்வி கேட்டவரின் ஏமாற்றத்தில் நியாயம் இருக்கிறது.

என் கணக்கு இதுதான்: பாசம் அந்த 66 இதழ் மேல் இல்லை. பின்னால் இவர்களுக்கு என்னென்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு திரும்பிப் போய்ப் பார்க்கிறோம், அதனால்தான் அந்தச் சாதாரணப் பக்கங்கள் கூடத் தொண்டையை அடைக்கின்றன. கதையில் இருப்பதை விட அதிகமாக நாம் கொண்டுபோய் வைக்கிறோம்.

நீலமுடி ரசிகை:

கறார்கண்ணன் சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதைக் குறையாகச் சொல்வதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தொடர்கதையில் பாசம் வேறு எப்படி வரும்? அறுபது வருஷமாக ஒருத்தரைத் தெரியும் என்பதே ஒரு காரணம்தானே.

நான் ஹாங்க் மெக்காய் கட்சி. 1972ல் அமேசிங் அட்வென்ச்சர்ஸ் 11-ஆம் இதழில் தானே தயாரித்த மருந்தைத் தானே குடிக்கிறான், கொஞ்ச நேரம் உருவத்தை மாற்றிக்கொண்டு ஒரு திருடனைப் பிடிக்கலாம் என்று. திரும்ப நேரமாகிவிட, உடம்பெல்லாம் முடியோடு அப்படியே நின்றுவிடுகிறான். அந்த முடி முதலில் சாம்பல் நிறம், நீலம் அப்புறம்தான் வந்தது. இந்த விபத்துக்கு முன்னால் அவனைப் பார்த்தால் கொஞ்சம் பெரிய கை கால், அவ்வளவுதான், கோட்டு சூட்டுப் போட்டு மறைத்துவிடலாம். ஏஞ்சல் கூட இறக்கையை முதுகோடு வார் போட்டு இறுக்கிக் கட்டி மேலே சட்டை போட்டுக்கொண்டு வெளியே போவான். அந்த வார்களை முதல் இதழிலேயே வரைந்து காட்டியிருப்பார் கிர்பி. நீல உடம்பும் வாலும் உள்ள நைட்கிராலரை அப்படி ஒளித்து வைக்க முடியுமா? முதல் ஐவர் ஐந்து பேருமே வெளியில் சாதாரணப் பிள்ளைகளாக நடிக்க முடிந்தவர்கள், ஒவ்வொருவராக அந்த வசதியை இழந்தார்கள். ஹாங்க்குக்கு முடி வந்தது, வாரனுக்குப் பின்னால் உலோக இறக்கை வந்தது, ஜீன் செத்தே போனாள். அது தெரிந்த பிறகு முதல் இதழ்களில் கோட்டு சூட்டுப் போட்டு ஊருக்குள் போகும் ஹாங்க்கைப் பார்த்தால் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. 1975ல் புது டீம் அறிமுகமான க்ராகோவா தீவுக் கதைக்கு அப்புறம் பழைய ஆட்கள் மூட்டை கட்டும்போது ஸ்காட் மட்டும் தங்குகிறான். ஹாங்க் அவெஞ்சர்ஸுக்குப் போனான், வாரனும் பாபியும் லாஸ் ஏஞ்சலஸில் சேம்பியன்ஸ் என்று ஒரு டீமில் பிளாக் விடோ, ஹெர்குலிஸ், கோஸ்ட் ரைடரோடு ஒட்டாமல் ஒட்டி நின்றார்கள். அது 17 இதழில் முடிந்தது. அப்புறம் மூன்று பேரும் டிஃபெண்டர்ஸ் என்ற இன்னொரு டீமில். எங்கே போனாலும் இரண்டு மூன்று பேராகவே சேர்ந்து திரிவார்கள், கவனித்திருக்கிறீர்களா? தனித்தனியாக எந்த டீமிலும் அவர்களால் முழுசாக ஒட்ட முடியவில்லை, ஹாங்க் அவெஞ்சர்ஸில் இருந்தது தவிர. அங்கே அவனும் வொண்டர் மேனும் அடித்த கூத்து தனிக்கதை, அதை இன்னொரு நாள் பேசலாம்.

1980ல் 137-ஆம் இதழில் ஜீன் நிலவில் சாகிறாளே, அந்தச் சண்டையில் ஹாங்க்கும் வாரனும் வந்து நிற்கிறார்கள். டீமை விட்டுப் போனவர்கள், வந்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை.

ரயில்வண்டி:

எக்ஸ்-ஃபேக்டரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! ஐந்து பேரும் திரும்ப ஒன்றுசேர்ந்த புத்தகம், 1986.

பலருக்கு அது பிடிக்காது என்று தெரியும். ஜீனைத் திரும்பக் கொண்டுவருவதற்காக, செத்தது ஜீனே இல்லை, ஃபீனிக்ஸ் சக்தி அவள் உருவத்தை எடுத்துக்கொண்டது, நிஜ ஜீன் நியூயார்க்கில் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்றார்கள். அதை விடுங்கள், காமிக்ஸில் இதெல்லாம் சகஜம். ஆனால் ஆரம்ப ஐடியா இன்னும் விசித்திரம்: இவர்களே மியூட்டன்ட் பிடிப்பவர்களாக வேஷம் போட்டு, விளம்பரம் கொடுத்து, காசு வாங்கிக்கொண்டு மியூட்டன்டுகளைப் பிடிக்கிற மாதிரி காப்பாற்றுவார்கள். அந்த விளம்பரத்தாலேயே ஊரில் வெறுப்பு அதிகமாகும் என்று முதல் இதழைப் படிக்கிற யாருக்கும் தோன்றிவிடும். லூயிஸ் சைமன்சன் ஆறாவது இதழிலிருந்து எழுத வந்ததும் செய்த நல்ல காரியம், அந்த அபத்தத்தையே கதையாக்கியது. அந்த ஐடியா கொடுத்த வாரனின் நண்பன் கேமரன் ஹாட்ஜ்தான் கடைசியில் துரோகி. வாரனின் இறக்கை போகிறது, அபோகலிப்ஸ் என்ற வில்லன் கையில் சிக்குகிறான், உலோக இறக்கையோடு எதிரியாக வந்து நிற்கிறான். வால்டர் சைமன்சன் வரைந்த அந்த இதழ்களில் வாரனுக்கு எதிரே நிற்கும் நாலு பேர் முகத்தையும் பாருங்கள், தங்கள் வகுப்புப் பையனோடு எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் நிற்பார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு டீமை வைத்து அந்தக் காட்சியை எழுதவே முடியாது.

கறார்கண்ணன்:

ரயில்வண்டி சார், அந்தப் புத்தகத்தில் ஸ்காட் செய்த காரியத்தை லேசாகத் தாண்டிப் போகிறீர்கள். பெண்டாட்டி மேடலினும் கைக்குழந்தையும் வீட்டில் இருக்க, ஜீன் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு போன் வந்ததும் கிளம்பிப் போய்விட்டான். அப்புறம் மேடலின் ஜீனின் நகல்தான் என்று சொல்லிச் சமாளித்தார்கள். ஸ்காட் என்ற பாத்திரத்தின் மேல் விழுந்த அந்தக் கறை இன்றுவரை போகவில்லை. ரசிகர்கள் ஐந்து பேரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள், அதற்கு விலை கொடுத்தது அவன். பாசத்தால் வந்த வினை என்றால் இதுதான்.

ரயில்வண்டி:

அதை மறுக்க முடியாது. ஆனால் எழுத்தாளர்கள் அதை மறக்கவும் விடவில்லை. 1989 இன்ஃபெர்னோவில் மேடலின் பேய்களின் ராணியாக வந்து கேட்டாளே. நீதி கிடைத்தது என்று சொல்ல மாட்டேன், கேள்வியாவது கேட்கப்பட்டது.

பனிப்பையன்:

நான் இவர்களைத் தெரிந்துகொண்டது 2012 ஆல்-நியூ எக்ஸ்-மென்னில். பெரியவர்களுக்கு இது பிடிக்காமல் இருக்கலாம், இருந்தாலும் சொல்கிறேன். சேவியர் ஸ்காட் கையால் செத்த பிறகு, ஸ்காட்டைத் திருத்த வேறு வழி தெரியாமல் ஹாங்க் காலத்தில் பின்னால் போய், 1960களின் அந்த ஐந்து பிள்ளைகளையும் இன்றைக்குக் கூட்டி வருகிறான். வந்தவர்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே பார்க்கிறார்கள். ஸ்காட்டுக்குத் தான் கொலைகாரன் ஆகப்போவது தெரிகிறது, ஜீனுக்குத் தன் சாவு தெரிகிறது, வாரன் தன்னுடைய பெரிய உருவத்தைப் பார்த்து மிரண்டு போகிறான்.

நீலமுடி ரசிகை மேலே சொன்னாரே, பின்னால் நடந்தது தெரிந்து பழைய பக்கத்தைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது என்று, அந்த உணர்வையே எழுத்தாளர் பெண்டிஸ் கதையாக எடுத்துக்கொண்டார். நமக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடுகிறது.

பாபிக்கு நடந்ததுதான் எனக்கு முக்கியம். 2015ல் 40-ஆம் இதழில் ஜீன் அவன் மனசைப் படித்துவிட்டு நீ கே-தானே (ஆண்கள் மேல் ஈர்ப்பு உள்ளவன்தானே) என்று கேட்கிறாள். அவள் அப்படிக் கேட்டது சரியா என்று அப்போதே பெரிய சண்டை நடந்தது, அவனாகச் சொல்ல விட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் பழுப்புத்தாள் சொன்ன அந்த முதல் இதழ் ஜன்னல் காட்சி! எல்லோரும் முண்டியடிக்க, பெண்ணா, எனக்கென்ன என்று நிற்கிறவன் பாபி. 1963ல் அது சின்னப் பையன் என்பதைக் காட்ட வைத்த நகைச்சுவை, வேறு எதுவும் இல்லை. 2015க்கு அப்புறம் அதே கட்டத்தை அப்படி மட்டும் படிக்க முடியவில்லை. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஆனால் பொருந்துகிறது.

2018ல் எக்ஸ்டெர்மினேஷன் கதையில் அவர்களைத் திருப்பி அனுப்பும்போது எல்லாவற்றையும் மறக்க வைத்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. வந்து போனதெல்லாம் சின்ன வயது ஜீன் அவர்கள் மனசில் பூட்டி வைக்கிறாள். அதில் அழுதவர்கள் இங்கே கை தூக்குங்கள்.

நீலமுடி ரசிகை:

✋

நடுராத்திரி வாசகன்:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஜன்னல் காட்சியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், முதல் தடவை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். பள்ளிக்கூடக் கதை என்று நினைத்துக்கொண்டால் அந்தப் பயிற்சி அறை கூட அலுக்கவில்லை, அது அவர்களுக்கு விளையாட்டு மைதானம்.

இப்போது நடைமுறைக் கேள்வி. 66 இதழையும் வரிசையாகப் படிக்கப் பொறுமை இல்லை. எதைப் படிக்கலாம், எதைத் தாண்டலாம்?

பழுப்புத்தாள்:

வரிசைதான் நல்லது என்று சொல்ல ஆசை, ஆனால் நிஜம் பேசுவோம். எட்டாவதைக் கட்டாயம் படியுங்கள். 12, 13 இரண்டும் ஜக்கர்நாட் என்ற வில்லன் கதை. 12 முழுக்க அவன் வீட்டை நோக்கி வந்துகொண்டே இருக்கிறான், ஒவ்வொரு தடுப்பாக உடைகிறது, ஆளை முழுசாகக் காட்டுவது கடைசியில்தான், கிர்பி ஆட்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று அதில் தெரியும். 14 முதல் 16 வரை மியூட்டன்டுகளை வேட்டையாடும் சென்டினல் இயந்திரங்கள் முதலில் வரும் கதை. அவற்றைச் செய்த ட்ராஸ்க், தான் செய்தது என்ன என்று புரிந்து கடைசியில் தானே அழிக்கிறான். அதன் பிறகு தைரியமாகத் தாண்டி 1969க்குப் போய் 57, 58, 59. ராய் தாமஸ் எழுத, நீல் ஆடம்ஸ் வரைந்தது. ஸ்காட் சென்டினல்களோடு மல்லுக்கு நிற்காமல் வாதம் பண்ணி ஜெயிப்பான்: மியூட்டன்டுகள் உருவாகக் காரணத்தையே அழிக்க வேண்டுமென்றால் சூரியனைத்தான் அழிக்க வேண்டும், கதிர்வீச்சு அங்கிருந்துதானே வருகிறது என்பான். அந்த இயந்திரங்கள் அதை நம்பி, வரிசையாகக் கிளம்பிச் சூரியனை நோக்கிப் பறந்து போகும். ஸ்காட்டை வெறும் கண்ணாடிக்காரன் என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

66 முடிந்த இடத்திலிருந்து தொடர்வதற்கு ஜான் பைர்ன் 1999ல் ‘தி ஹிட்டன் இயர்ஸ்’ என்று ஆரம்பித்து 22 இதழ் செய்தார். அது எங்களை மாதிரி ஆட்களுக்கு, நீங்கள் அவசரப்பட வேண்டாம். லேசாகச் சிரித்துக்கொண்டு படிக்க வேண்டுமென்றால் ஜெஃப் பார்க்கர் எழுதிய 2006 ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ போதும். பெரும்பாலும் ஒரு இதழில் ஒரு கதை, ஐந்து பேரும் பிள்ளைகளாகவே இருப்பார்கள், யாரும் சாக மாட்டார்கள்.

கறார்கண்ணன்:

நல்ல பட்டியல், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒன்று பார்த்தீர்களா, இவ்வளவு பேசியும் ஏஞ்சலை ஏஞ்சலுக்காகப் பிடிக்கும் என்று ஒருத்தர் கூடச் சொல்லவில்லை. வாரன் வந்த இடமெல்லாம் இறக்கை வெட்டுப்பட்டதைப் பற்றியோ உலோக இறக்கையைப் பற்றியோதான் பேச்சு. பணக்காரப் பையன், அழகன், பறப்பான். அதைத் தாண்டி 66 இதழில் என்ன செய்தான்?

பழுப்புத்தாள்:

13-ஆம் இதழில் ஜக்கர்நாட் ஹெல்மெட்டைக் கழற்றியது யார்? ஸ்காட்டின் கண்ணிலிருந்து பாயும் கதிர், ஹாங்க்கின் கை, பாபியின் ஐஸ், எதுவும் எடுபடவில்லை. ஹெல்மெட் போனால்தான் சேவியரால் அவன் மனசுக்குள் நுழைய முடியும், பறந்து வந்து அதைப் பிடுங்கியவன் வாரன். படித்துவிட்டு வாருங்கள், இங்கேயேதான் இருப்பேன்.